மூன்றாவது மாடியிலிருந்து ஓர் அறிவிப்பு

ரொட்டிக்கடையிலிருந்து திரும்பும் வழியிலேயே ராங்கெலுக்கு அந்தக் குரல் கேட்டுவிட்டது. உடனே ஓட ஆரம்பித்தார். அறுபத்தொன்பது வயதில் ஓட்டம் என்பது பாதி நடை, பாதி மூச்சிரைப்பு. ஆனாலும் ஓடினார்.

"கவனிக்கவும். இரண்டாவது நுழைவாயில், மூன்றாவது மாடி. எங்கள் வீட்டில் அறிமுகமில்லாத ஓர் ஆண் தங்கியிருக்கிறார். காவல்துறைக்கு உடனே தகவல் தரும்படி கேட்டுக்கொள்கிறோம்."

ஒரு திக்கல் இல்லை, திணறல் இல்லை. நெவெனாவின் குரல் எப்போதும் அப்படித்தான். டான்யூப் ஆற்றங்கரை ஊரான ருஸேயின் ரயில் நிலையத்தில் முப்பத்தோரு வருடம் அறிவிப்பாளராக இருந்தவள். ஊரில் பாதிப் பேருக்கு அவள் முகம் தெரியாது. ஆனால் அவள் சொல்லைக் கேட்டு, பெட்டியும் பையுமாக நடைமேடை மாறி ஓடாதவர்கள் கிடையாது. மூன்றாவது நடைமேடை என்று அவள் சொன்னால் வண்டி மூன்றாவதில்தான் வரும். அந்தக் குரல் இப்போது பால்கனியில் நின்றுகொண்டு, முற்றத்தில் இருந்த அத்தனை பேரிடமும், தன் வீட்டுக்குள் ஓர் அந்நியன் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்த அந்நியன் ராங்கெல்தான். நாற்பத்து நான்கு வருடமாக அவளுடைய கணவர்.

செப்டம்பர் கடைசி. அடுக்குமாடி பிளாக் முழுவதும் குளிர்காலத்துக்காகக் குடைமிளகாய் சுடும் நாட்கள். முற்றத்தில் மிளகாய் சுடும் தகர உருளை சுற்றிக்கொண்டிருந்தது. புகைக்கு நடுவே ஏழெட்டுப் பெண்கள் கருகிய தோலை உரித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் கழுத்தும் மேலே திரும்பியிருந்தது. உருளையைச் சுற்றிக்கொண்டிருந்த ஐந்தாம் மாடி ஸ்டமாட், பழைய பஸ் டிரைவர், ராங்கெலைப் பார்த்ததும் கையை நிறுத்தினார்.

"என்னப்பா, உன் வீட்டுல யாரோ பூந்துட்டானாமே?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. டிவில எதையோ பாத்துட்டு பயந்திருக்கா."

"நேத்து தொண்டை சரியில்லன்னு சொன்ன. குரல் நல்லாத்தான இருக்கு?"

ராங்கெல் படியேறினார். லிஃப்டுக்குக் காத்திருக்கும் பொறுமை அவருக்குப் போய்ப் பல மாதமாகிறது.

மூன்றாவது மாடியில் அவர் வீட்டு வாசலை மறித்துக்கொண்டு எதிர்வீட்டுப் பவ்லினா நின்றிருந்தாள். முற்றத்தின் மூலையில் காபியும் செய்தித்தாளும் விற்கும் சின்னக் கடை அவளுடையது. குள்ளமான உருவம், சிவப்புச் சாயம் ஏற்றிய தலைமுடி. இருபத்தாறு வருடப் பழக்கம். நெவெனாவைச் சொந்த அக்காவாகவே நினைப்பவள்.

"வெளியில பூட்டு போடற பழக்கமெல்லாம் எப்போலேர்ந்து, அண்ணே?"

"சீக்கிரம் வந்துடலாம்னு..."

"பொண்டாட்டிய உள்ள வெச்சா பூட்டுவாங்க?"

அவர் பூட்டைத் திறந்தார். கதவு நான்கு விரல் அகலம் திறந்து சங்கிலியில் நின்றது. இடுக்கில் நெவெனாவின் முகம் தெரிந்தது. தலை வாரி, உதட்டுச்சாயம் பூசி, தோளில் கைப்பையோடு இருந்தாள். அவர் கையிலிருந்த ரொட்டியைப் பார்த்தாள்.

"நாங்க வாசல்ல ரொட்டி வாங்கறதில்லைங்க," என்றாள் மரியாதையாக. பிறகு அவர் தோளுக்குப் பின்னால் பவ்லினாவைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "பவ்லினா! நல்ல வேளை நீ வந்த. இந்தாளை மட்டும் உள்ள விடாத."

சங்கிலி கழன்றது. நெவெனா வெளியே வந்து, அவரை ஒதுங்கிக் கடந்து, எதிர்வீட்டுக்குள் போனாள். போகும்போது சட்டைக்கை மேலேறியது. முழங்கைக்குக் கீழே நான்கு விரல் தடம், ஊதா நிறத்தில். பவ்லினா அதைப் பார்த்தாள். ராங்கெலைப் பார்த்தாள்.

"சீ," என்றாள். கதவு சாத்திக்கொண்டது.

ராங்கெல் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நடுவில் நின்றார்.

பதினான்கு மாதத்துக்கு முன்னால் வார்னாவுக்குப் போயிருந்தார்கள். ருஸேயிலேயே நரம்பு மருத்துவர்கள் உண்டு. நெவெனாதான் ஒப்புக்கொள்ளவில்லை. "இங்க நான் வாயைத் திறந்தா போதும், ஸ்டேஷன் நெவெனான்னு கண்டுபிடிச்சிடுவாங்க," என்றாள். அங்கே மருத்துவர் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார். வாழ்க்கை முழுக்கக் கடிகாரத்தைப் பார்த்தே பேசியவள், பன்னிரண்டு எண்களையும் ஒரே பக்கத்தில் அடுக்கி எழுதிவிட்டு, மறுபாதி காலியாக இருப்பதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மருத்துவர் ராங்கெலைத் தனியாக அழைத்துச் சொன்னார்: "இது வெறும் மறதி இல்ல. ஆள், இடம், காலம் எல்லாம் கலைஞ்சு போகும். ஒரு நாள் உங்களையே வேற யாரோன்னு சொல்லலாம். அப்ப வாதாடாதீங்க. தோத்துடுவீங்க, அவங்களும் பயந்துடுவாங்க."

திரும்பும் ரயிலில், ராஸ்கிராட் நிலையம் தாண்டிய பிறகு நெவெனா பேசினாள்.

"யார்கிட்டயும் சொல்லக்கூடாது."

"எலிட்சாகிட்டயாவது?" எலிட்சா அவர்கள் மகள். வியன்னாவில் இருக்கிறாள்.

"அவகிட்டயும்தான். நான் சொன்னா ஊரே நம்பிச்சு, ராங்கெல். இதைச் சொல்லிட்டா, மணி என்னன்னு நான் சொன்னாக்கூட தலையாட்டிட்டுப் போயி வேற யார்கிட்டயாவது கேப்பாங்க. எனக்கு அது வேண்டாம். சத்தியம் பண்ணு."

பண்ணினார். அன்றிலிருந்து அவருடைய வேலையே பொய் சொல்வதாகிவிட்டது. நெவெனா கடையில் பேர் மறந்து நின்றால் தொண்டை வலி. தெருவில் அடையாளம் தெரியாமல் போனால் கண்ணில் புரை. விருந்துக்கு வராவிட்டால் தலைச்சுற்றல். யாரிடம் எதைச் சொன்னோம் என்று நினைவு வைப்பது தனிப் பாடு. நின்றுகொண்டே சாப்பிட்டார். குளிக்கும்போது தண்ணீரை நிறுத்தி நிறுத்திக் காது கொடுத்தார். பதினான்கு மாதத்தில் ஒரு நாற்காலியில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல உட்கார்ந்த ஞாபகம் அவருக்கு இல்லை.

இப்போதும் உட்காரவில்லை. வீட்டுக்குள் போய் ரொட்டியை வைத்தார், வெளியே வந்தார், எதிர்க்கதவில் காது வைத்தார், திரும்ப உள்ளே போனார். அரை மணியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. பவ்லினா போலீஸுக்குச் சொல்லியிருந்தாள்.

வந்தவர் பேர் யாவோர். முப்பது வயதிருக்கும். முதலில் எதிர்வீட்டுக்குள் போய்ப் பத்து நிமிடம் பேசிவிட்டு வந்தார். அவர் பின்னாலேயே படியில் நான்கைந்து பேர் ஏறி வந்து நின்றார்கள்.

"ஐயா, அந்தம்மா ரொம்பத் தெளிவாப் பேசறாங்க. நீங்க அவங்க வீட்டுக்காரர் இல்லைங்கறாங்க. அவரோட ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுட்டு இருக்கீங்களாம்."

"உள்ள வாங்க சார், பேசலாம்," என்றார் ராங்கெல், படியில் இருந்தவர்களைப் பார்க்காமல்.

உள்ளே வந்த பிறகுதான் தன் வீடு ஓர் அந்நியன் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று அவருக்கு உறைத்தது. கூடத்து ஆளுயரக் கண்ணாடிமேல் போர்வை தொங்கியது. அடுப்பில் காஸ் திருகுகள் இல்லை. அவை அவருடைய கால்சட்டைப் பையில் இருந்தன. கத்தி வைக்கும் இழுப்பறைக்குப் பூட்டு. படுக்கையறைக் கதவில் ஒரு மணி. யாவோர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். முகம் இறுகிக்கொண்டே வந்தது.

"எதுக்கு இந்த மணி?"

"அவ எழுந்து போனா எனக்குத் தெரியணும்."

"கண்ணாடியை எதுக்கு மூடி வெச்சிருக்கீங்க?"

"அதுக்குள்ள ஒரு கிழவி நின்னுட்டு தன்னையே முறைக்கறான்னு அழறா."

"அடுப்பு?"

 ராங்கெல் ஜன்னல்வரை போனார், திரும்பி வந்தார். பிறகு அலமாரியில் குளிர்காலப் போர்வைகளுக்கு அடியில் கையை விட்டு ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துக் கொடுத்தார். யாவோர் உள்ளிருந்த வார்னா மருத்துவரின் தாளை விரித்து, உதடு அசைய, ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"இதை வாசல்லயே காட்டியிருக்கலாமே, ஐயா."

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

"யாருக்கு?"

"அவளுக்குத்தான்."

யாவோர் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடிமேல் வைத்துக்கொண்டார். "எனக்கு இது புதுசு. இப்படி ஒரு பேப்பரை நான் கையில வாங்கினதே இல்ல. ஆனா ஒண்ணு சொல்றேன். நீங்க சொல்லலைன்னா வெளியில நிக்கறவங்க அவங்களா ஒண்ணு சொல்லிப்பாங்க. சொல்லிட்டும் இருக்காங்க. நான் ஏறி வரும்போதே காதுல விழுந்துச்சு."

என்ன விழுந்தது என்று ராங்கெல் கேட்கவில்லை.

எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார்கள். பவ்லினா சங்கிலியை விடாமல் எட்டிப் பார்த்தாள். ராங்கெல் மருத்துவரின் தாளை நீட்டி, குரலைத் தாழ்த்தி, அந்த வார்த்தையை முதல்முறையாக வீட்டுக்கு வெளியே சொன்னார்.

"பவ்லினா, அவளுக்கு டிமென்ஷியா."

"யாருக்கு? இவளுக்கா?" பவ்லினாவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "எங்க மாமியாருக்கு இருந்துச்சு மறதி. ஸ்பூனை எந்தப் பக்கம் புடிக்கணும்னே தெரியாது. இவ என் மேசையில உக்காந்து, எண்பத்தேழாம் வருஷம் சோபியா எக்ஸ்பிரஸ் எங்கெங்க நிக்கும், எத்தனை நிமிஷம் நிக்கும்னு ஒண்ணு விடாம சொல்லிட்டு இருக்கா. இவளுக்கு மறதியா?"

"பழசெல்லாம் இருக்கும். நேத்துதான் இருக்காது."

"கையில இருக்கற தடம்? அதுவும் டிமென்ஷியாவா?"

"டிராலி பஸ் முன்னால இறங்கிட்டா. புடிச்சு இழுத்தேன்."

"நல்லா வருது வாயில கதை. தொண்டை வலி, கண்ணுல புரை, தலைச்சுத்தல், இப்ப இது. வருஷக்கணக்கா எங்ககிட்ட வேற வேற சொல்லிட்டு இன்னிக்கு ஒரு பேப்பரை நீட்டினா நான் நம்பணுமா?"

 அவள் சொன்னது அத்தனையும் உண்மை.

யாவோர்தான் நடுவில் புகுந்தார். அந்தம்மாவுக்கு இங்கே இருக்கத்தான் விருப்பம் என்றால் சாயங்காலம்வரை இருக்கட்டும், யாரும் சத்தம் போட வேண்டாம், வேலை முடிகிற நேரத்தில் தானே மறுபடி வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ராங்கெல் ஒரு பையில் நான்கு மணி மாத்திரையையும் சாம்பல் நிறச் சால்வையையும் போட்டார். ஒரு காகிதத்தில் எழுதினார்: 'தண்ணீர் குடிக்க மறந்துவிடுவாள், கையில் கொடுக்கணும். ஞாபகம் இருக்கிறதா என்று கேட்காதே. பொழுது சாய்ந்தால் கஷ்டம்.' பையைச் சங்கிலி இடுக்கு வழியாக நீட்டினார். பவ்லினா வாங்கிக்கொண்டாள்.

"பொழுது சாஞ்சா என்ன ஆகும்?"

"ஒவ்வொரு நாளும் ஒவ்வொண்ணு."

"பயமுறுத்தாதீங்க," என்று கதவைச் சாத்தினாள்.

அதற்கப்புறம் ஐந்து மணி நேரம். வீட்டைப் பெருக்கினார். பெருக்கிய வீட்டையே மறுபடி பெருக்கினார். கீழே இறங்கிப் போய்க் கடிதப் பெட்டியைத் திறந்து பார்த்தார், மேலே வந்தார், மறுபடி கீழே போனார். முற்றத்தில் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஸ்டமாட் உருளையைச் சுற்றிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"அடிச்சியா?"

"இல்ல."

"அடிச்சிருந்தா அடிச்சேன்னு சொல்லு. முப்பது வருஷமா ஒண்ணா இருக்கோம்."

"இல்ல ஸ்டமாட்."

ஸ்டமாட் ஒரு மிளகாயை இடுக்கியால் எடுத்து வாளியில் போட்டார். வழக்கமாகத் தன் பக்கத்தில் இருக்கும் ஸ்டூலைக் காலால் தள்ளி உட்காரச் சொல்வார். இன்றைக்குத் தள்ளவில்லை.

ஆறரை மணிக்கு வெளிச்சம் குறைந்தது. ராங்கெல் படிக்கட்டில், இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றிருந்தபோது குரல் கேட்டது. இந்தமுறை பவ்லினா வீட்டு பால்கனியிலிருந்து.

"கவனிக்கவும். இரண்டாவது நுழைவாயில், மூன்றாவது மாடி. அறிமுகமில்லாத ஒரு பெண்மணி என்னை அடைத்துவைத்திருக்கிறார். உயரம் குறைவு. தலைமுடி சிவப்பு. என் கைப்பை திருடப்பட்டுள்ளது."

முற்றத்தில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

பவ்லினாவுக்கும் இப்படி நடந்தால் மனசு ஆறும் என்று ராங்கெல் பகல் முழுக்க எங்கோ ஓரத்தில் நினைத்திருந்தார் போலும். ஆறவில்லை. அவள் பயந்திருக்கிறாள் என்பது மட்டும்தான் தெரிந்தது. தட்டுவதற்கு முன்பே பவ்லினா கதவைத் திறந்தாள். தலை கலைந்திருந்தது, ரவிக்கையில் காபி கொட்டியிருந்தது. கண் கலங்கியிருந்தது.

"அண்ணே, என்னைத் திருடின்னு சொல்றா. பையைக் காணோமாம். பை அவ தோள்லயே தொங்குது! எடுத்துக் காட்டினேன். காட்டக் காட்டக் கத்தறா."

"காட்டக்கூடாது."

"நான் பவ்லினா, அக்கா, பவ்லினான்னு பத்து தடவை சொல்லிட்டேன்."

"அதுவும் கூடாது."

"அப்ப என்னதான் பண்றது?"

படியில் ஆட்கள் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். ஸ்டமாட், மிளகாய் உரித்த பெண்கள், முதல் மாடிக் குடும்பம். அவர்களுக்குப் பின்னால் யாவோரும் வந்துவிட்டார். ராங்கெல் ஒரு கணம் அவர்களைத் திரும்பிப் பார்த்தார். செய்ய வேண்டியது அவருக்குத் தெரியும். வாரத்தில் நான்கு நாள் செய்வதுதான். ஆனால் நான்கு சுவருக்குள் செய்தது. இத்தனை பேர் முன்னால் எப்படி?

உள்ளே நெவெனா மறுபடி "கவனிக்கவும்" என்று ஆரம்பித்தாள். ராங்கெல் தொப்பியைக் கழற்றினார். உள்ளங்கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, ஸ்வெட்டர் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு, கூடத்துக்குள் போய் பால்கனிக் கதவுக்கு நான்கு அடி தள்ளி நின்றார்.

"வணக்கம், தோழர் நெவெனா. போக்குவரத்துப் பிரிவுலேர்ந்து வர்றேன்," என்றார், அவள் வேலை பார்த்த காலத்து வழக்கப்படி.

அவள் திரும்பினாள். நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"சாயங்கால ஷிஃப்டுக்கு ஆள் வந்தாச்சு. நீங்க கிளம்பலாம். உங்களை வீடுவரைக்கும் கொண்டுபோய் விடச் சொன்னாங்க."

"யார் சொன்னாங்க?"

"மேலதிகாரி."

நெவெனா அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "உங்களை நான் இதுக்கு முன்னால பாத்ததில்லையே."

"புதுசா சேந்திருக்கேன்."

"பேரு?"

அவர் சற்றுத் தயங்கினார். "ராங்கெல்."

"அட! என் வீட்டுக்காரர் பேரும் அதான்." குரல் இளகியது. "துறைமுகத்துல கிரேன் ஓட்டறார். கறுப்பு மீசை. தெரியுமா உங்களுக்கு?"

"கேள்விப்பட்டிருக்கேன். நல்ல மனுஷன்னு சொல்வாங்க."

"நல்ல மனுஷன்தான். கொஞ்சம் சோம்பேறி. இப்ப வர்ற நேரம்தான். சாப்பாடு வைக்கணும்."

"அப்ப வாங்க, லேட்டாயிடப் போகுது."

அவள் பையைத் தோளில் சரிசெய்துகொண்டு அவர் நீட்டிய கையைப் பிடித்தாள். இருவரும் வாசலைத் தாண்டினார்கள். படியில் நின்றவர்கள் சுவரோடு ஒட்டி வழிவிட்டார்கள். நெவெனா எல்லாருக்கும் தலையசைத்தாள். ஸ்டமாட் கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைக்கவும் தெரியாமல், மேலே தூக்கவும் தெரியாமல் நின்றார். ஆறே காலடி தூரம். ராங்கெல் தன் வீட்டைத் திறந்துவிட்டார். நெவெனா உள்ளே போய், திரும்பி நின்று, "ரொம்ப நன்றி. நீங்க போகலாம்," என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

அவர் வெளியே நின்றார். சாவி கையிலேயே இருந்தது.

"சாவி இருக்கே ஐயா," என்றார் யாவோர் மெதுவாக. "உள்ள போகலையா?"

"அஞ்சு நிமிஷம் ஆகட்டும். அப்புறம் வேலை முடிஞ்சு வர்ற மாதிரி போவேன். சில நாள் ஏத்துப்பா."

"சில நாள்?"

"சில நாள் ஏத்துக்க மாட்டா. அப்ப இங்கதான் நிப்பேன், சத்தம் அடங்கற வரைக்கும்."

யாவோர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். யாரும் கீழே இறங்கவில்லை. படிக்கட்டு விளக்கு தானாக அணைந்தது. முதல் மாடிப் பெண் கையை நீட்டி மறுபடி அழுத்தினாள். வெளிச்சம் வந்தபோது எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் ராங்கெல் சொன்னார். ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. பின்னால் நடந்ததை முன்னால் சொன்னார், வார்னா கடிகாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு டிராலி பஸ்ஸுக்குத் தாவினார், கண்ணாடிக் கிழவியைச் சொல்லும்போது மூக்கை உறிஞ்சினார். அவள் பைத்தியம் இல்லை என்பதை மூன்று தடவை சொன்னார். "அவ பொய் சொல்லல. அவளுக்கு நெஜமாவே நான் யாரோதான். நெஜமாவே பயம். உங்க வீட்டுல திடீர்னு ஒருத்தன் ஸ்வெட்டரோட உலாத்தினா நீங்க கத்த மாட்டீங்களா? அவ்வளவுதான்."

"பதினாலு மாசமாவா?" என்றாள் பவ்லினா.

"பதினாலு மாசமா."

"எதிர்ல பத்தடியில இருக்கேன் நான். ஒரு வார்த்தை..."  கோபமா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. "இன்னிக்கு நான் உங்களை என்ன நினைச்சேன் தெரியுமா?"

"தெரியும்."

விளக்கு மறுபடி அணைந்தது. இருட்டிலேயே ராங்கெல் சாவியைப் போட்டுத் திருப்பி, உரக்கக் கூப்பிட்டார்: "நெவெனா! நான் வந்துட்டேன்!"

எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"கையைக் கழுவிட்டு வா," என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. "ரொட்டி இருக்கு. யாரோ வெச்சுட்டுப் போயிருக்காங்க."

மறுநாள் காலையில் அவள் தெளிவாக இருந்தாள். சில காலைகள் அப்படி அமையும். பாலாடைக்கட்டியைப் பிட்டு வைத்துக்கொண்டிருந்தபோது அவர் சொல்லிவிட்டார்.

"சத்தியத்தை மீறிட்டேன், நெவெனா. எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"எதை?"

"உன் உடம்பைப் பத்தி."

அவள் வெகுநேரம் மேசைவிரிப்பைத் தடவிக்கொண்டிருந்தாள். கோபித்துக்கொள்வாள், அழுவாள், எழுந்து போய்விடுவாள் என்று அவர் நாற்காலி நுனியில் காத்திருந்தார்.

"தெளிவா சொன்னியா?" என்றாள். "நீ பேசினா பாதி முழுங்கிடுவ."

மன்னித்தாளா, அல்லது எதைப் பற்றிய பேச்சு என்றே புரியவில்லையா? அது அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஸ்டமாட் அடுத்த நாளிலிருந்து நெவெனாவிடம் காது கேளாதவளிடம் பேசுவதுபோலக் கத்திப் பேச ஆரம்பித்தார். நான்காம் மாடி அம்மாள் வால்நட்டைத் தேனில் ஊறவைத்துக் கொண்டுவந்து, நாற்பது நாளில் குணமாகும் என்றாள். முதல் மாடிக் குடும்பம், நெவெனா லிஃப்டில் இருந்தால் தங்கள் மகளைப் படியேறி வரச் சொன்னது. ஒட்டிக்கொள்ளும் என்று பயம். அது ஒட்டாது என்று யாவோர்தான் ஒருநாள் வந்து சொல்லிவிட்டுப் போனார். எங்கே படித்தாரோ, படித்திருந்தார். எலிட்சா தொலைபேசியில் அழுதாள், பிறகு திட்டினாள், பிறகு டிசம்பரில் வருவதாகச் சொன்னாள். வார்னா மருத்துவர் கொடுத்திருந்த நோய் பற்றிய நான்கு பக்கக் கையேட்டைப் பவ்லினா வாங்கிப் படித்துவிட்டு, யாரையும் கேட்காமல் பெரிதாகப் பிரதியெடுத்து, கீழே தண்ணீர் நிறுத்தும் நேர அறிவிப்புக்குப் பக்கத்தில் ஒட்டினாள். அதைப் பார்த்தபோது ராங்கெலுக்கு முகமெல்லாம் சூடானது. கிழித்துவிடக் கையைக்கூடத் தூக்கினார். அப்போது உள்ளே வந்த ஒரு பெண் பையைக் கீழே வைத்துவிட்டுப் படிக்க ஆரம்பித்ததால் நகர்ந்துவிட்டார்.

பவ்லினா கற்றுக்கொண்டாள். சில நாள் அவள் பவ்லினா. சில நாள் நிலையத்துப் பயணச்சீட்டுப் பெண். ஒரு நாள் யாரென்றே தெரியாத யாரோ. தப்பும் செய்தாள். "இப்பத்தானே சொன்னேன்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு, அரை மணி நேரம் அதற்கு அனுபவித்தாள். அக்டோபர் நடுவில் ஒரு புதன்கிழமை அவள் ராங்கெலின் கோட்டை எடுத்துக் கையில் திணித்தாள்.

"கடையைத் தங்கச்சி பாத்துக்கறா. ரெண்டு மணி நேரம் இந்தப் பக்கமே தலை காட்டக்கூடாது."

"நான் எங்க போறது?"

"எங்கயாவது போங்க. மனுஷங்க போற எடத்துக்குப் போங்க."

ஆற்றங்கரைக்குப் போனார். டான்யூபில் ஒரு சரக்குப் படகு ருமேனியக் கரையை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தார். சூரியகாந்தி விதை வாங்கிக் கொறித்தார். எழுந்தார். வேறு பெஞ்சில் உட்கார்ந்தார். தொலைபேசியை எடுத்துப் பார்த்தார், அழைப்பு ஒன்றுமில்லை. பதினேழு நிமிடம்தான் ஆகியிருந்தது. தெருவுக்குத் திரும்பி வந்தபோது ஒரு முடிதிருத்தும் கடை தென்பட்டது. ஏதாவது செய்ய வேண்டுமே என்பதற்காக உள்ளே போனார்.

கடைக்காரர் ஐம்பது வயது மனிதர், பேச்சுக்காரர். துணியைக் கழுத்தில் கட்டிக்கொண்டே, "எத்தனை மாசமாச்சு சார் வெட்டி? வீட்டம்மா ஒண்ணும் சொல்லலையா?" என்றார்.

தொண்டைவரை ஒரு பொய் தயாராக வந்தது. ராங்கெல் அதை விட்டுவிட்டார்.

"என் பொண்டாட்டிக்கு டிமென்ஷியா. என் முடியெல்லாம் அவ கவனிக்கற நிலையில இல்ல."

கத்தரிக்கோல் நின்றது. மன்னிப்பு கேட்பார், வானிலைக்குத் தாவுவார் என்று ராங்கெல் எதிர்பார்த்தார். கடைக்காரர் மறுபடி வெட்டத் தொடங்கினார். பின்கழுத்துக்கு வந்தபோது, மெதுவாகக் கேட்டார்.

"எங்கம்மா இப்பல்லாம், பக்கத்து வீட்டுக்காரி தன்னோட உள்பாவாடையைத் திருடிட்டான்னு சொல்லிட்டே இருக்காங்க. நாங்க குறும்புன்னு நினைச்சு சண்டை போடறோம். அது குறும்புதானே?"

"எனக்குத் தெரியாது. டாக்டர்கிட்ட காட்டுங்க."

"எந்த டாக்டர்?"

ராங்கெல் துணிக்கு அடியிலிருந்து கையை விடுவித்து, பழைய செய்தித்தாளின் ஓரத்தில் வார்னா மருத்துவரின் பெயரை எழுதினார். கடைக்காரர் அதைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

முடிந்ததும் காசைக் கொடுத்துவிட்டு, கோட்டைப் பாதி மாட்டிக்கொண்டே வாசல்வரை போனார். நின்றார். திரும்பி வந்தார்.

"உங்கம்மாவ பஸ்ல தனியா அனுப்பிடாதீங்க. நீங்களும் கூடப் போங்க. கடிகாரம் வரையச் சொல்லுவாங்க, அப்ப கையைப் புடிச்சுக்க யாராவது பக்கத்துல இருக்கணும்."